பழைய மீடியா சர்வர் சேமிப்புப் பெட்டியாகுமா?

வீட்டில் படமும் பாட்டும் ஓடவிட்ட பழைய சர்வரை, எல்லோரும் கோப்புகள் வைக்கும் நெட்வொர்க் சேமிப்பாக மாற்றுவது பற்றிக் கொழும்பு நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, 2008இல் வாங்கிய விண்டோஸ் ஹோம் சர்வர் பெட்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. மாற்றலாமா?

மாற்றலாம் தம்பி. ஆனால் புது மென்பொருள் ஏற்றினால் டிஸ்க் அழிந்துவிடும். அதனால் முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். அந்தப் பதிப்பு கோப்புகளைப் பல டிஸ்குகளில் பரப்பி வைக்கும். ஒரு டிஸ்கைக் கழற்றி லப்டொப்பில் மாட்டினால் காலி போலத்தான் தெரியும். மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி வைத்துவிட்டுப் பாருங்கள், ‘டிஈ’ என்று ஒன்று வரும். அதற்குள் ‘ஷேர்ஸ்’. உங்கள் படங்கள் அங்கேதான் இருக்கும். தெஹிவளையில் ஒரு வீட்டில் காலி டிஸ்க் என்று ஃபோர்மட் பண்ணப் போனார்கள். பொறுங்கள் என்று சொல்லித் திறந்து பார்த்தால், அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாள் படங்கள் முழுக்க அதற்குள். ஒரு டிஸ்கையும் விடாமல் பாருங்கள்.

பழைய விண்டோஸையே வைத்துக்கொண்டால் என்ன? புது லப்டொப்பில் அந்தச் சர்வர் தெரியவும் இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அந்த விண்டோஸ் மிகப் பழசு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 ஜனவரியோடு நின்றுவிட்டன. கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர அது பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி 1 முறையை 2017 கடைசியிலிருந்து விண்டோஸ் 10 தானாக நிறுவுவதில்லை. லப்டொப்பில் அதைத் திரும்பத் திறந்துவிடச் சொல்வார்கள், கோப்புகளை எடுத்து முடிக்கும்வரை மட்டும் செய்யுங்கள். பிறகு ஓபன் மீடியா வால்ட் என்ற சேமிப்புச் சர்வர் மென்பொருளைப் போடுங்கள். டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, 2 ஜிபி ராமே போதும். அதே வேலைக்கான ட்ரூநாஸும் நல்லதுதான், ஆனால் அது குறைந்தது 8 ஜிபி கேட்கும்.

பழைய ஹார்ட் டிஸ்கை நம்பலாமா?

டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘பெண்டிங் செக்டர்’ என்ற வரியைப் பாருங்கள், சரியாகப் படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை அது. பூச்சியமாக இல்லையென்றால் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் புது டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதது) வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய மதர்போர்டு 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கிலிருந்து பூட் ஆகச் சிரமப்படலாம். சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். பெட்டி சிலநேரம் ஓன் ஆகுது, சிலநேரம் இல்லை.

அக்கா, உப்புக் காற்று. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறங்கள். ராமை எடுத்தால் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படை தெரியும். பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். மதர்போர்டிலுள்ள காசு போன்ற சிஆர்2032 பற்றரியையும் மாற்றுங்கள். இவ்வளவிலேயே எழும்பின பெட்டிகள் பல.

கரண்ட் பில்?

40 வாட் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏறக்குறைய 29 அலகு. இங்கே கட்டணம் படிப்படியாக ஏறுவதால், அந்த 29 உங்கள் பில்லை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பாருங்கள். இரவில் தானாக அணையும்படி வைக்கலாம்.

இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றிலுள்ளதை மற்றதிலும் எழுத வைத்தால் பேக்கப் தேவையில்லைதானே?

தேவை, கட்டாயம் தேவை. பேரன் தவறி ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம்கூட மின்வெட்டு இருந்ததே, அப்போது எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் நடுவில் நின்றுபோய்க் கோப்புகள் கெட்டதை நானே கண்டேன். ஒரு யூபிஎஸ் வையுங்கள். அதன் யுஎஸ்பி வயரைச் சர்வரில் மாட்டி அமைத்துவிட்டால், பற்றரி தீரும் முன் சர்வர் தானே அணையும். அப்புறம் ஒரு வெளி டிஸ்கில் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகலெடுத்து, கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் கொண்டுபோய் வையுங்கள்.

கனடாவிலிருந்து மகள் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து நுழையும் வழியை, திறந்துவிட வேண்டாம். மகளின் கணினியையும் சர்வரையும் பாதுகாப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள்.