புறநகர் ரயில் நிலையம் அருகே வானுயரக் கட்டடங்கள்தான் தேவையா?

நிலையத்தைச் சுற்றி நிறைய வீடுகள் வேண்டுமென்றால் இருபது, முப்பது மாடி எழுப்பியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. உயரம் வேறு, அடர்த்தி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

1,000 சதுர மீட்டர் மனையில் தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது) 2 என்றால் மொத்தம் 2,000 சதுர மீட்டர் கட்டலாம். பாதி மனையில் நான்கு தளம் கட்டினாலும் அதே அளவுதான். பத்தில் ஒரு பங்கில் இருபது தளம் எழுப்பினாலும் அதே அளவுதான். சொல்லப்போனால் ஒல்லிக் கோபுரத்தில் லிஃப்டும் படிக்கட்டும் ஒவ்வொரு தளத்திலும் கணிசமான இடத்தை விழுங்கிவிடும். பாரிஸ் மாநகரின் பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான். ஆனால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் வாழ்கிறார்கள்.

என்னைக் கேட்டால், உயரத்தைவிட நடைபாதைதான் முக்கியம். பத்து நிமிட நடை என்பது ஏறக்குறைய 800 மீட்டர். வரைபடத்தில் வட்டம் போட்டால் 200 ஹெக்டேர் கிடைக்கும். ஆனால் தண்டவாளத்தைக் கடக்க ஒரே ஒரு சுரங்கப்பாதை, அதுவும் ஒரு கோடியில் இருந்தால்? பால்கனியிலிருந்து நடைமேடையைப் பார்க்கிறவர்கூட ரயிலைப் பிடிக்கக் கால் மணி நேரம் சுற்றி நடப்பார்.

குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் கொள்ளளவையும் கூட்ட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கொரு கார் நிறுத்துமிடம் என்ற விதியை இங்கே தளர்த்தியே ஆக வேண்டும். வண்டி திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போகிறது. அது ஒரு சிறு வீட்டின் பரப்பு.