தலைமாடு எது, கால்மாடு எது?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் மோண்ட்ரியான் என்பவரின் ஓவியத்தைப் பல வருஷமாகத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார்களாம். ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். மேல் கீழ் தெரியாத கோடுகளுக்குக் கோடிக்கணக்கில் விலை! எங்கள் வீட்டு ஜன்னல் கிரில் இதைவிட நன்றாக இருக்கிறது. நவீன ஓவியம் என்று சொல்லி எங்களை இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவீர்கள்?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: செய்தி உண்மைதான். ஆனால் பாதிச் செய்தி.

அந்தப் படத்தின் பெயர் 'நியூயார்க் சிட்டி 1'. 1941-ல் தொடங்கியது. அதில் தெரியும் கோடுகள் தூரிகையால் போட்டவை அல்ல, துணிமேல் ஒட்டிய வண்ணக் காகித நாடாக்கள். பிடிக்கவில்லை என்றால் பிரித்து இடம் மாற்றி ஒட்டிப் பார்க்கலாம் அல்லவா, அதற்காக. முடிக்காமல், கையெழுத்துப் போடாமல் 1944-ல் மோண்ட்ரியான் இறந்துவிட்டார். 1945-ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோதே தலைகீழாகத்தான் மாட்டினார்கள். 1980-லிருந்து ட்யூசல்டார்ஃப் மியூசியத்தில் அதே கோலத்தில் தொங்குகிறது.

2022-ல் அங்கே கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த சுசானே மேயர்-பியூசர் என்ற பெண்மணி ஒன்றைக் கவனித்தார். ஒரு விளிம்பில் மட்டும் கோடுகள் நெருங்கி நிற்கின்றன. பாரிசில் இருக்கும் இதே மாதிரியான எண்ணெய் வண்ண ஓவியத்தில் அந்த நெருக்கம் மேல்பக்கம் இருக்கிறது, இதில் கீழே. 1944-ல் ஒரு பத்திரிகையில் வந்த போட்டோவில், ஓவியரின் அறையில் ஸ்டாண்டில் நிற்கும் இதே படத்திலும் நெருக்கம் மேலேதான்.

ஆக, ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் நீங்கள் ஒன்றுமில்லை என்கிற அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில் இருக்கிறதா? புதிதாக வந்தவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலைவைத்துப் படுப்பார். கட்டில் பின்னியவரோ, கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கும் பக்கத்தைப் பார்த்ததும் 'அது கால்மாடு சாமி' என்று எழுப்பிவிடுவார். படுத்தவருக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கட்டிலுக்குத் தலைமாடு இல்லாமல் போகுமா?

இந்த மனிதர் கோடுகளில் பிறந்து கோடுகளில் வளர்ந்தவரும் இல்லை. 1872-ல் ஹாலந்தில், பள்ளித் தலைமையாசிரியரின் மகனாகப் பிறந்தார். பல வருஷம் காற்றாலை, ஆற்றங்கரை, மாடு என்று யாரும் குறை சொல்ல முடியாதபடிதான் வரைந்தார். அப்புறம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். 1908 வாக்கில் தொடங்கிய 'சிவப்பு மரம்' அப்பட்டமான மரம். 1911-ல் 'சாம்பல் மரம்': கிளையைவிடக் கிளைக்கு நடுவே இருக்கும் சந்துகள் முக்கியமாகிவிட்டன. 1912-ல் 'பூத்த ஆப்பிள் மரம்': தலைப்பைப் படிக்காவிட்டால் மரம் என்று சொல்வது கஷ்டம். மாசி மாதம் இலை உதிர்த்து நிற்கும் வேம்பின் அடியில் நின்று ஐந்து நிமிஷம் மேலே பாருங்கள். கிளையை விட்டுவிட்டுச் சந்துகளை மட்டும் பார்க்கப் பழகினால், அவர் எந்த வழியில் போனார் என்று பிடிபடும்.

பர்கூர் பக்கத்து மல்லப்பாடிப் பாறையில் வெள்ளைக் கோட்டில் குதிரையும் ஆளும் இருக்கிறதே, அதை வரைந்தவரும் வேண்டாததை விட்டுவிட்டவர்தான். அவர் குதிரையை மிச்சம் வைத்தார். மோண்ட்ரியான் அதையும் விட்டார். நெடுக்குக்கோடு, குறுக்குக்கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், அப்புறம் கறுப்பு வெள்ளை. 1920 வாக்கில் அங்கே வந்து சேர்ந்தவர், கடைசிவரை நகரவில்லை. கூட்டாளி ஒருவர் சாய்கோடு போட ஆரம்பித்ததும் அந்த நட்பே முறிந்தது. சாய்கோட்டுக்காகச் சண்டையா என்று எனக்கும் சிரிப்பு வந்ததுண்டு.

விலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அந்தக் கோடிகளில் ஒரு காசு அவர் கைக்குப் போகவில்லை. பாரிசில் வயிற்றுப்பாட்டுக்குப் பூப்படம் வரைந்து விற்றார் மனுஷன். ஏமாற்றுக்காரர் என்றால் விற்கிற பூவையே வரைந்துகொண்டு இருந்திருக்கலாமே.

கிரில்லுக்கு வருகிறேன். கிரில்லில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. மோண்ட்ரியான் படத்தில் ஒரு மூலையில் சின்னதாகச் சிவப்பு இருந்தால், அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் பெரிய வெள்ளை இருக்கும். நம்மூர்த் தராசில் படிக்கல்லும் பருத்தியும் மாதிரி. ஒரு கோட்டைக் கையால் மறைத்துப் பாருங்கள், படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தப்பு என்று தெரிந்த பிறகும் ட்யூசல்டார்ஃபில் அதைத் திருப்பி மாட்டவில்லை. எண்பது வருஷத்துக் காகித நாடா. திருப்பினால் உதிர்ந்துவிடும் என்று பயம்.

நாங்களும் யோக்கியமில்லை. கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் நிழலாடும் பனைமரங்களை ஒருமுறை நம் இதழில் தலைகீழாக அச்சிட்டோம். வாசகர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. படம் எடுத்தவர் மட்டும் போன் செய்து திட்டினார். உங்கள் கிரில்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். எப்படி அச்சிட்டாலும் திட்டு வராது.