அப்பா இட்லி விற்கிறார் என்று விசா அதிகாரியிடம் சொல்லலாமா?

கேள்வி: ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பை இந்த வருடம்தான் முடித்தேன். அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் ஒரு வருட இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதற்கான ஜே-1 விசாவுக்கு ஜூலையில் பிகேசியில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இருக்கிற அமெரிக்கத் தூதரகத்தில் இன்டர்வியூ. ஏஜென்ட் நாற்பது கேள்வி பதில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். என் அப்பா தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்களுக்குக் கொடுக்கிறார், அதை 'கேட்டரிங் பிசினஸ்' என்று சொல்ல வேண்டுமாம். திரும்பி வருவாயா என்று கேட்டால், 'இந்தியக் கலாசாரத்தை என்னால் பிரிய முடியாது' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கே சிரிப்பு வருகிறது, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, தாராவி

பதில்: உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டதே, பாதி வேலை முடிந்தது. அந்தக் கலாசார வரியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அன்று காலையிலேயே பல வாயில் கேட்டிருப்பார். என் அக்கா மகன் இதே மாதிரி ஒரு தாளை உருப்போட்டுக்கொண்டு முலுண்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான். நான் அதிகாரியாக நடித்து 'எந்த ஊருக்குப் போகிறாய்?' என்று கேட்டேன், 'என் அப்பாவின் ஆண்டு வருமானம்...' என்று ஆரம்பித்தான். தாளில் முதல் கேள்வி அதுதானாம்.

அந்த நாற்பதையும் மடித்து வையுங்கள். உங்கள் ஸ்பான்சர், அதாவது உங்களை இந்தத் திட்டத்தில் சேர்க்கிற அமெரிக்க அமைப்பு, டிஎஸ்-7002 என்று ஒரு பயிற்சித் திட்டம் அனுப்பியிருப்பார், அதை எடுங்கள். கையெழுத்துப் போட்டதோடு அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் அதிகம். ஸ்பான்சர் தருகிற டிஎஸ்-2019 படிவம் இல்லாமல் விசாவே கிடையாது, சரி, ஆனால் அதில் இருப்பது ஸ்பான்சர், தேதி, பணக்கணக்கு. அங்கே போய் நீங்கள் என்ன கற்கப் போகிறீர்கள் என்பது 7002-ல்தான் இருக்கிறது. ஹோட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ போகிறவர்களைக் குறைந்தது மூன்று பிரிவுகளிலாவது மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மொத்தமே 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. எழுத்தர் வேலை 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, திறமை தேவைப்படாத எடுபிடி வேலைக்கு ஆள் பிடிக்க இந்த விசாவைப் பயன்படுத்தவே கூடாது. அதிகாரிக்குச் சந்தேகம் வருவதும் இங்கேதான்: இந்தப் பெண் கற்றுக்கொள்ளப் போகிறாளா, அல்லது தட்டுக் கழுவ ஆள் கிடைக்காமல் கூப்பிடுகிறார்களா? அதனால் எந்தப் பிரிவில் எத்தனை மாதம், யார் மேற்பார்வை, முடிவில் என்ன தெரிந்திருக்கும் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில், ஆங்கிலத்தில், காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்ல வர வேண்டும். ஆங்கிலம் ஏன் என்றால், அது இந்தத் திட்டத்தில் சேருவதற்கே ஒரு தகுதி.

'இதை மும்பையிலேயே கற்கலாமே?' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1903-லிருந்து தாஜ் நிற்கிற ஊர் இது, நியாயமான கேள்விதான். 'அமெரிக்கா உலகத் தரம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அங்கே உணவு ஒவ்வாமைக்குச் சட்டம் குறிப்பிடும் பொருள்கள் எட்டு இருந்தன, 2023 ஜனவரியிலிருந்து எள்ளையும் சேர்த்து ஒன்பது, பாக்கெட் உணவில் எள் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு இட்லிப் பொடியில் எள் இல்லாமல் இருக்குமா, அதன் மேல் ஊற்றுவதும் நல்லெண்ணெய். பொடி இடிக்கிற வீட்டுப் பெண் அங்கே சமையலறைப் பிரிவில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறேன் என்றால் அதை ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். (இதையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடாதீர்கள், தாயே. உங்கள் திட்டத்தில் உங்களை உண்மையில் இழுப்பது எதுவோ அதைச் சொல்லுங்கள்.)

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 'கேட்டரிங் பிசினஸ்' என்றதும் அடுத்த கேள்வி 'கம்பெனி பெயர் என்ன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?' அங்கேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இட்லி அவிக்கிறார், விடியற்காலையில் சைக்கிள்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, இந்த ஊர் தெருமுனையில் நின்று சாப்பிடுகிற எத்தனையோ இட்லி தாராவியில் அவித்தது. செலவுக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு மட்டும் டிஎஸ்-2019-ல் என்ன எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள், வாயும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும்.

திரும்பி வருவது பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, உங்களைப் போல் தற்காலிக விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்க வருகிறார் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது, இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அதிகாரி உங்களைக் கடுமையாகப் பார்த்தால் கோபம் இல்லை, சட்டம் அப்படி. பாசம், பண்பாடு எல்லாம் இதற்கு உதவாது. திரும்பி வந்த முதல் ஆறு மாதம் என்ன செய்வீர்கள்? எந்த மாதிரி ஹோட்டலில் எந்த வேலைக்கு விண்ணப்பிப்பீர்கள்? இதற்குப் பதில் இன்னும் இல்லையென்றால் இன்டர்வியூவுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக யோசியுங்கள்.

'இரண்டு வருட விதி இருக்கிறது, முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும்' என்றும் ஏஜென்ட் சொல்லியிருக்கலாம். அந்த விதிக்கான துறைப் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கும் டாக்டர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இன்னும் உண்டு, உங்களுக்கு அது பொருந்த வாய்ப்பில்லை.

அப்புறம் சில்லறை விஷயங்கள். டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பத்தில் ஐந்து வருடமாக நீங்கள் வைத்திருந்த சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்பார்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். 2025 ஜூனிலிருந்து ஜே விசாக்காரர்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் பதிவேடு) கட்டணம் 220 டாலர், ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைரேகை எடுப்பது தனி அப்பாயின்ட்மென்ட், தனி இடம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கைபேசியை உள்ளே விட மாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜூலை மழை, மித்தி ஆற்றைத் தாண்டினால் பிகேசி என்றாலும் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

முந்தின நாள் இரவு அப்பாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி என்று சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்டாலும் கேட்பார்.