குட்டை லீவர் ரைஃபிள்: .357-ஆ, .44-ஆ?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டா போடும் குட்டை லீவர் ரைஃபிள் (விசையருகே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்குவதென்றால், தோட்டா வகை .357 மேக்னமா, அதைவிடப் பெரிய .44 மேக்னமா என்று கேட்டிருக்கிறீர்கள். மான், காட்டுப்பன்றி வேட்டைதான் முக்கிய நோக்கம் என்றால் .44. மற்றபடி என் ஓட்டு .357-க்கே.

1935-இல் வந்த .357, பழைய .38 ஸ்பெஷலைச் சற்று நீட்டிச் செய்த தோட்டா. ஆகவே .357 ரைஃபிளில் விலை குறைந்த .38-ஐயும் சுடலாம், உதைப்பும் ஓசையும் குறைவு. சில ரைஃபிள்களில் மட்டும் .38 சீராக உள்ளே ஏறாது, சோதித்து வாங்குங்கள். ரிவால்வரின் குட்டைக் குழலில் வீணாகும் வெடிமருந்தின் அழுத்தம், ரைஃபிள் குழலில் கூடுதல் தூரம் தள்ளுவதால் .357-இன் வேகம் கணிசமாகக் கூடுகிறது.

குட்டை என்றாலும் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கூட்டரசுச் சட்டப்படி தனிப் பதிவு தேவை. தோட்டாக்கள் குழலுக்கடியில் உள்ள சேமிப்புக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனைக் குண்டு வேண்டவே வேண்டாம், முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) குத்தி வெடிக்க வைத்துவிடலாம். தட்டைமுனையே வாங்குங்கள்.

துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 வின்செஸ்டரின் வழிவந்த ராஸி 92 இலகுவானது, ஆனால் சுட்டபின் மிஞ்சும் வெற்றுக்கூட்டை மேல்பக்கமாக எறியும். தொலைநோக்கி பொருத்த நினைத்தால், பக்கவாட்டில் எறியும் மார்லின் 1894-ஐப் பாருங்கள்.