வென்டிலேட்டரில் வீணாகும் மூச்சு: கேள்வி-பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு ஐ.சி.யூ. நர்ஸ்: நிமோனியாவோடு வந்த அம்மாவுக்கு ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்தப் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு 52 mmHg. வெளிவிடும் மூச்சில் அதை அளக்கும் கேப்னோகிராஃப் 34தான் காட்டுது. மிஷின் கோளாறுங்களா?

மிஷின் சரியாகவே இருக்கலாங்க. ரத்தம் போய்ச் சேராத காற்றறைகளுக்குள் போன காற்று, எதையும் வாங்காமல் அப்படியே திரும்பி வந்து மற்றதோடு கலக்கிறது, அளவு குறைந்துவிடுகிறது. நல்ல நுரையீரலில் இந்த வித்தியாசம் 2 முதல் 5 வரைதான். திடீரெனக் கூடினால், நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்த பிரஷர் விழுந்ததா, பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் மிஷின் வைத்திருக்கும் அழுத்தம்) அதிகமா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டு டெக்னீஷியன்: அந்த 34-ஐ வைத்தே டெட் ஸ்பேஸ் (மூச்சில் ரத்தத்தைத் தொடாமல் வீணாகும் பங்கு) கணக்குப் போடலாமா?

கூடாது. 1891-இல் கிறிஸ்டியன் போர் என்ற விஞ்ஞானி தந்த கணக்கில், 1938-இல் எங்ஹாஃப் என்பவர் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவைச் சேர்த்தார். அதற்கு வேண்டியது மூச்சின் கடைசி அளவான 34 அல்ல, வெளிவிட்ட மூச்சு முழுவதன் சராசரி. அது 22 என்றால், 52-இல் 22 போக 30. 52-ஆல் வகுத்தால் 0.58. 34-ஐப் போட்டால் 0.35 வரும். இயல்பே சுமார் 0.3 என்பதால், மோசமான நுரையீரல் நல்லதுபோலத் தெரியும். மூச்சின் கொள்ளளவையும் சேர்த்து அளக்கும் வால்யூமெட்ரிக் கேப்னோகிராஃப் சராசரியைத் தரும். ஏ.பி.ஜி. எடுக்கும் அதே நேரத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி இளம் டாக்டர்: மூச்சு ரேட்டை நிமிடத்துக்கு 30 வரை ஏற்றியும் கார்பன் டை ஆக்சைடு இறங்கவில்லை. இன்னும் ஏற்றலாமா?

வேண்டாம். முதலில் நோயாளியின் டியூபுக்கும் ஒய்-பீஸுக்கும் (மிஷினின் இரு குழாய்களும் சேரும் இணைப்பு) நடுவில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 45 கிலோ என்றால், கிலோவுக்கு 6 மி.லி. வீதம் மூச்சுக்கு 270 மி.லி. எச்.எம்.இ. ஃபில்டர் (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைப்பது) 50, கேத்தட்டர் மவுண்ட் (வளையும் இணைப்புக் குழாய்) 30 என்று வைத்தாலே 80 மி.லி. அங்கேயே போய்விட்டது. நிமிடத்துக்கு 2.4 லிட்டர் காற்று சும்மா போய் வருகிறது! மவுண்டைக் கழற்றுங்கள், ஃபில்டருக்குப் பதில் சூடேற்றும் ஹ்யூமிடிஃபையர் போடுங்கள். அப்புறம் அரை மணி கழித்து ஏ.பி.ஜி. பாருங்கள். ரேட்டை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு முழுதாக வெளியேறாமல் நெஞ்சுக்குள் தேங்கும். தலைக்காயம் போன்ற காரணம் இல்லாமல், பி.எச். (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.25-க்கு மேல் நின்றால் கார்பன் டை ஆக்சைடு 52 போல இருப்பதற்குப் பதற வேண்டியதில்லை.

தாராபுரத்திலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குப் பாதி மூச்சு வீணாகுதுன்னு டாக்டர் சொல்றார். மிஷின் லீக் ஆகுதுங்களா?

இல்லைங்க தம்பி. மூச்சுக்குழாயில் நிற்கும் காற்று ரத்தத்தைத் தொடாது. நமக்கும் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் போகிறது. அப்பாவுக்கு நுரையீரல் பாதித்ததால் அது கூடியிருக்கிறது. நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.