வாசகர் கேள்வி: உட்புறப் பேடு மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஓடும் என் காரில், முன்பக்க இடது சக்கரத்தின் உட்புறப் பிரேக் பேடு மட்டும் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதே சக்கரத்தின் வெளிப்புறப் பேட்டில் பாதிக்கு மேல் மீதம் இருந்தது. இரண்டையும் மாற்றி எட்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே கதை. பேடு மட்டமான சரக்கு என்கிறார் மெக்கானிக். விலை கூடிய பேடு வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?
(ஒரு வாசகர், திசையன்விளை)

பதில்: ஆகாது. சரக்கு மட்டமென்றால் இரண்டு பேடும் சேர்ந்தே சீக்கிரம் தீர்ந்திருக்கும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, ஒரே நாளில், சக்கரத்தோடு சுழலும் ஒரே டிஸ்க்கின் இரு பக்கமும் மாட்டியவற்றில் ஒன்று மட்டும் தேய்கிறதென்றால், அவற்றைப் பிடித்திருக்கும் காலிப்பரில் அசைய வேண்டிய ஏதோ ஒன்று அசையாமல் நிற்கிறது என்று பொருள்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தில் இருப்பது மிதக்கும் காலிப்பர். அதில், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் நகரும் உருளையான பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே உண்டு. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின் எனப்படும் இரண்டு வழுக்குக் கம்பிகளின் மேல் நகர்ந்து, வெளிப்புறப் பேடை இழுத்து வந்து மறுபக்கம் அழுத்துகிறது. ஸ்லைடு பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வேலையெல்லாம் உட்புறப் பேட்டின் தலையில் விழும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகு பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான். அதற்கெனத் தனி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனில் துரு ஏறினால் வளையத்தின் வலு போதாமல், பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். ஆக, உங்கள் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை ஸ்லைடு பின்னும் பிஸ்டனும்.

இவற்றுள் எது என்று கண்டுபிடிக்க, மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று, சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரைக் கையால் உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்லைடு பின்கள் இரண்டையும் உருவிப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் இதே கோளாறு வந்தபோது, மேல் பின் விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அதன் ரப்பர் உறையில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், அவ்வளவுதான். உள்ளே இருந்த கிரீஸ் மண்ணோடு குழைந்து காய்ந்து, பின்னின் ஒரு பாதி செங்கல்பொடி அப்பியதுபோல் இருந்தது. உங்கள் பக்கம் தேரி மணலும் உவரிக் கடற்கரையின் உப்புக் காற்றும் சேர்ந்திருப்பதால், இந்த ரப்பர் உறைகளைப் பேடு மாற்றும்போதெல்லாம் பார்ப்பது அவசியம்.

பின்கள் இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்தது பிஸ்டன். சி கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி) வைத்து மெதுவாக அழுத்தினால் அது ஒரே சீராக உள்ளே போக வேண்டும். போக மறுத்தால், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற காலிப்பரில் இருக்கும் நிப்பிளைச் சற்றுத் திறந்துவிட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அப்போது எளிதாகப் போனால் பிஸ்டனில் பழுதில்லை. காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸின் உட்பகுதி வீங்கி, ஆயில் திரும்பி வரும் வழியை அடைத்திருக்கலாம். அப்போதும் போகவில்லையென்றால் பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது. காலிப்பரைப் பிரித்து ரப்பர்களை மாற்ற வேண்டும், துரு குழியிட்டிருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டும். ஹோஸ் பழுதாவதற்கு நாமே வழி செய்வதும் உண்டு: கழற்றிய காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடாமல், ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது.

ஸ்லைடு பின்னுக்கு வீல் பேரிங் கிரீஸ் போடக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த அந்தக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய், முன்பு துருவால் இறுகிய பின் இப்போது ரப்பரால் இறுகும். பிரேக்குக்கென விற்கும் சிலிகான் கிரீஸ் சிறிதளவு போதும். சில வண்டிகளில் ஒரு பின்னின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும், மற்றதில் இருக்காது. இடம் மாற்றி மாட்டிவிட வேண்டாம். வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடிப்பவர்கள் சக்கரப் பக்கமும் பீய்ச்சிவிடுவார்கள். ரப்பருக்கும் ஆகாது, பேடில் பட்டால் பிரேக்கும் பிடிக்காது. முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அந்த ஈரமே உள்ளிருந்து பிஸ்டனை அரிக்கும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி, எது உள், எது வெளி என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். அடுத்த முறை பேச்சு வளராமல் இருக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: அமாவாசைதோறும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் காரில் போய்வருகிறேன். என் வண்டியில் பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு போலத் தேய்ந்திருக்கிறது. மலை இறக்கம்தான் காரணமா?
(ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: மலை இறக்கம் பேடைச் சீக்கிரம் தீர்க்கும், கோணலாகத் தீர்க்காது. இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருந்தாலோ, பேட்டின் காதுப் பகுதி உட்காரும் தாங்கியில் துரு தடித்துப் பேடு சிக்கிக்கொண்டாலோதான் ஆப்பு வடிவம் வரும். கம்பி பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, எஃகுக் கிளிப்புகளைப் புதிதாக மாட்டச் சொல்லுங்கள். இரு முனைகளுக்கும் இடையே சிறு வேறுபாடு இயல்பு. இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் நான் கழற்றிப் பார்த்துவிடுவேன். கோயில் இருக்கும் காரையாற்றிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அடிவாரத்தில் பாபநாசம் வந்ததும் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகிய வாடை வந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: தேய்ந்த சக்கரத்துக்கு மட்டும் பேடு மாற்றினால் போதாதா? சத்தம் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே?
(ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: போதாது. முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்; இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சத்தத்தை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கீச்சிட்டு எச்சரிக்கும் தகடு பல கார்களில் உட்புறப் பேட்டில் மட்டுமே இருப்பதால், வெளிப்புறப் பேடு முந்தித் தேய்ந்தால் பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும் வரை ஒரு சத்தமும் வராது. ஆகவே டயர் இடம் மாற்றும்போதெல்லாம் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் மீதமிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுப் பேடு போட்டதும், ஒர்க்‌ஷாப்பை விட்டு வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுக் கிளம்புங்கள்.