தூளி நின்றதும் விழிக்கும் குழந்தை

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். மகளுக்கு எட்டு மாதம். தூளியில் ஆட்டினால்தான் தூங்குகிறாள். இரவில் ஐந்தாறு தடவை எழுந்து அழுகிறாள். அடுத்த மாதம் நான் வேலைக்குப் போக வேண்டும். "அழ விடு, தானே பழகிக்கொள்ளும்" என்கிறாள் தோழி. மாமியாரோ பிள்ளையை அழ விடவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள். ஆனால் ஆட்டுவதைக் குறைத்தே ஆக வேண்டும்.

இரவில் நாம் எல்லோருமே அவ்வப்போது விழிக்கிறோம். புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். குழந்தைக்கு அந்த விழிப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். கண்ணயரும்போது என்ன இருந்ததோ, விழிக்கும்போது அதைத்தான் தேடும். உங்கள் மகள் தேடுவது ஆட்டத்தை. அது பிடிவாதம் இல்லை. அதனால் மாற்ற வேண்டியது நள்ளிரவை அல்ல, எட்டு மணிக்கு அவள் கண்ணயரும் விதத்தை.

தூளியை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் குழந்தை வளைந்து படுக்கும்; தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை குறுகலாம். எட்டு மாதத்தில் சேலையைப் பிடித்து எழும்பி விழவும் கூடும். தரையில் பாய், மேலே மெல்லிய விரிப்பு போதும். தலையணை வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

முதல் சில நாள் தூளியிலேயே ஆட்டுங்கள். கண் சொருகும்போது கயிற்றைப் பிடித்து மெல்ல நிறுத்தி, உள்ளங்கையை அவள் நெஞ்சில் வையுங்கள். மூச்சு சீரானதும் கையை எடுக்கலாம். அது பழகியபின் அரைத் தூக்கத்திலேயே பாய்க்கு மாற்றித் தட்டிக் கொடுங்கள். பிறகு தட்டுவதையும் குறைத்து, கை மட்டும். அப்புறம் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பது. அழுதால் தூக்குங்கள், சமாதானம் ஆனதும் திரும்பப் படுக்க வையுங்கள். மொத்தம் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நடுவில் ஓர் இரவு பழையபடி ஆட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நடு இரவில் முனகினால் உடனே தூக்க வேண்டாம், ஒரு நிமிடம் பாருங்கள். பல சமயம் தூக்கத்திலேயே முனகி அடங்கிவிடும். இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு தடவை பால் கேட்பது இயல்புதான். விளக்கைப் போடாமல் கொடுங்கள்.

நம் ஊர் வெக்கையில் வியர்வையாலும் விழிப்பு வரும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒரு பருத்திச் சட்டை மட்டும் போதும். படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது ஆபத்து. பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கினால் இந்த வயதுக்குப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலை ஐந்துக்கு மேல் தூங்க விடாதீர்கள்.

காய்ச்சலோ பல் வலியோ இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். வீடு நிறைய விருந்தாட்கள் இருக்கும் சித்திரைத் திருவிழா வாரத்திலும் வேண்டாம். தினமும் குறட்டை விட்டாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போனபின் பகல் தூக்கம் அப்பத்தா கையில்தானே? மூன்றாம் வாரத்தில் இரண்டு இரவு அவரே படுக்க வைக்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள்.